சுண்ணாம்புத் தூணிலிருந்து ஒரு புகைப்பட நூல்

கும்பகோணத்தில் ஒரு கடைத்தெரு. அங்கே ஒரு வெற்றிலைபாக்குக் கடை. கடையின் முகப்புக் கூரையைத் தாங்கி நிற்கும் மரத்தூணில், இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரை, விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடுகள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியவர்கள், விரலில் மிச்சமிருந்ததைத் தூணில் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் மேலிருந்து கீழாக, சற்றே சாய்வாக. இன்று காலை விழுந்த கோடு பளிச்சென்று இருக்கிறது. தொட்டால் பொடி உதிரும். பழைய கோடு மரத்தோடு மரமாகிச் சாம்பல் பூத்திருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை வருடத்து விரல்களோ! கைப்பேசியை நெருங்கக் கொண்டுபோய், தூணின் விளிம்பு தெரியாமல் ஒரு படம் எடுத்தேன். படத்தில் தூண் இல்லை. சாய்ந்து பெய்யும் மழை இருந்தது. அதைப் பார்த்த நண்பர் ஒருவர், படிக்கத் தெரியாத மொழியின் எழுத்து என்றார்.

இப்படி, பொருள் இன்னதென்று உடனே பிடிபடாமல், கோடும் நிறமும் சொரசொரப்புமாக மட்டும் நிற்கும் படத்தைத்தான் அரூபப் படம் என்கிறோம். துருப்பிடித்த தகரம், காரை பெயர்ந்த சுவர், தேய்ந்த படிக்கட்டு என்று பலரும் எடுக்கிறார்கள். ஆனால் அவை கைப்பேசியிலேயே கிடந்து மறந்துபோகின்றன. அவற்றை ஒரு நூலாக்க விரும்புகிறவர்களுக்காக, முதன்முதலாக அந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன். இந்தத் தெருவை வைத்து 48 பக்கத்தில் நான் செய்த சிறு நூல்தான் எனக்குப் பாடம். அதில் கற்றவற்றுள் முதன்மையானதை முன்பே சொல்லிவிடுகிறேன்: பரப்பின் படம் தனியாக இருக்கும்வரை ஓர் அலங்காரம். நூலுக்குள் வரும்போது, அதற்கு முன்னால் எது இருக்கிறது, பின்னால் எது வருகிறது என்பதுதான் அதற்கு உயிர் கொடுக்கிறது. அதனால் கேமராவைவிட வரிசையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

இந்த வழி புதியதல்ல. அன்றைய ஹங்கேரியில் பிறந்து பாரீஸில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் பிராசாய், 1930களிலிருந்தே அந்நகரச் சுவர்களில் யாரோ கீறிவைத்த முகங்களையும் குழிகளையும் எடுத்துவந்தார். 1956இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அமெரிக்கரான ஆரன் சிஸ்கைண்ட் 1930களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி மக்களின் வாழ்க்கையை ஆவணமாக எடுத்தவர். 1940களில் அவருடைய கேமரா உரிந்த பெயின்ட்டின் பக்கமும் கிழிந்த சுவரொட்டிகளின் பக்கமும் திரும்பியது. இருவருமே பெரிய அதிசயம் எதையும் தேடியவர்கள் அல்லர். யாரும் கவனிக்காத சாதாரணச் சுவரே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஓர் இடம், ஒரு கேள்வி

முதல் வேலை, எல்லையை வகுத்துக்கொள்வது. "பரப்புகள்" என்ற தலைப்பில் மகாபலிபுரத்துப் பாறையும் மாடித் தொட்டியின் பாசியும் ரயில்பெட்டியும் ஒரே நூலில் சேர்ந்தால், அது மாதிரித் துண்டுகளை அடுக்கிய ஜவுளிக்கடைப் புத்தகம்போல் ஆகிவிடும். ஒரு தெரு போதும். ஒரு வீடு போதும். ஒரு சமையலறையிலேயே நூலுக்கான படங்கள் இருக்கின்றன: அம்மியின் நடுக்குழி, அஞ்சறைப்பெட்டியின் அடியில் மஞ்சள் ஏறிய தகரம், கரி படிந்த சுவர், தாளிப்புத் தெறித்த ஓடு.

இடத்தோடு கேள்வியும் வேண்டும். என் கேள்வி எளிமையானது: இந்தத் தெருவில் கைபட்ட இடம் எது? இப்படிக் கேட்டுக்கொண்டதும் எடுக்க வேண்டியவை தாமாகவே கண்ணில் பட்டன. ஷட்டரில் தொங்கும் பூட்டு ஆடி ஆடி, தகரத்தில் அரைவட்டமாகச் சுரண்டிய தடம். டீக்கடை பெஞ்சின் ஓரம் வழவழப்பாகத் தேய்ந்த இடம். தராசுத்தட்டின் உட்புறக் கீறல்கள். "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பதைப் படிக்கட்டின் முன் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அதே கேள்வி, எடுக்க வேண்டாதவற்றையும் ஒதுக்கித் தந்தது. மழைநீர் வழிந்த பாசிச் சுவர் மிக அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது மழையின் வேலை, கையின் வேலை இல்லை. விட்டுவிட்டேன்.

எடுக்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள். "உங்கள் தூணைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றால் ஒரு நொடி வியப்பார்கள், பிறகு நகர்ந்து இடம் விடுவார்கள். கேட்காமல் ஒரு சுவரை உற்றுப் பார்த்துப் படமெடுக்கும் ஆளைத் தெரு சந்தேகிக்கும். அதில் நியாயமும் உண்டு. பரப்பை நீங்கள் திருத்தவும் கூடாது. பெயின்ட்டை இன்னும் கொஞ்சம் உரித்துவிடுவது, கோடு போதவில்லையென்று நீங்களே சுண்ணாம்பு இழுப்பது, இவையெல்லாம் கேள்விக்குப் பொய்யான பதில் எழுதுவதாகும்.

வெயிலின் கணக்கு

காலை இளவெயிலிலும் மாலை வெயிலிலும் எடு என்று பொதுவாகச் சொல்வார்கள். பரப்புகளுக்கு இந்த அறிவுரை பாதிதான் பொருந்தும். சொரசொரப்பு தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பரப்பை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழ வேண்டும். தரைக்கும் திண்ணைக்கும் அது காலையிலும் மாலையிலும் கிடைக்கும். செங்குத்தான சுவரின் கதை வேறு. கிழக்குப் பார்த்த சுவரில் காலை வெயில் நேர்முகமாக அறைவதால் மேடுபள்ளம் எல்லாம் மறைந்துவிடும். சூரியன் உச்சிக்கு ஏறி, அந்தச் சுவரை விட்டு விலகப்போகும் நேரத்தில்தான், பதினொன்றரை மணியை ஒட்டி, வெளிச்சம் மேலிருந்து சுவரை வருடிக்கொண்டு இறங்கும். அப்போது ஒவ்வொரு காரைப் பொருக்குக்கும் ஒரு நிழல் முளைக்கும். ஷட்டர் தகரத்தின் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும். இது சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வடக்குப் பார்த்த சுவருக்கு ஐப்பசி முதல் மாசி வரை நேர்வெயிலே கிடையாது. ஆனால் வைகாசி, ஆனி மாதங்களில் நம் பக்கத்து உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருப்பதால், நடுப்பகலில் அந்தச் சுவரை உரசிப்போகும். என் தெருவில் பாத்திரக்கடைச் சுவர் ஒன்று இப்படித்தான் ஏழு மாதம் என்னைக் காக்கவைத்தது. ஆகவே ஒரு நோட்டில் எந்தச் சுவர் எந்தத் திசை, எத்தனை மணிக்கு வெயில் உரசுகிறது என்று குறித்துவையுங்கள். கேமரா வாங்குவதைவிட இது பயன் தரும்.

நிறம்தான் முக்கியம் என்றால் மேகமூட்டமே நல்லது. போஸ்டர் ஒட்டிய சுவர், பல அடுக்குப் பெயின்ட், துரு ஆகியவற்றை வெயிலில்லாத நேரத்தில், முடிந்தால் மழை விட்ட பிறகு எடுங்கள். ஈரத்தில் நிறம் ஆழமாகும்.

கேமராவைப் பிடிக்கும் விதம்

கைப்பேசி போதும். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படத்தில் சுமார் 4000 × 3000 பிக்சல் இருக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால், 13 × 10 அங்குலம் வரை தாங்கும். முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். அகன்ற லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். விரலால் திரையை விரித்துப் பெரிதாக்கினால் நுண்மை போய்விடும். காலால் நடந்து நெருங்குங்கள். அழகூட்டும் வசதி, காட்சிக்கேற்பத் தானாக நிறம் ஏற்றும் வசதி எதுவானாலும் அணைத்துவிடுங்கள். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் எஃப் 8 துவாரம், குறைந்த ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) என்று வைத்துக்கொண்டால் மூலைவரை கூர்மையாக வரும்.

பரப்புக்கு இணையாகக் கேமரா இருப்பது மிக முக்கியம். கொஞ்சம் சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும், நேர்கோடுகள் குவியும். ஓவியங்களைப் படமெடுப்பவர்கள் கையாளும் ஓர் உபாயம் இருக்கிறது. சிறிய கண்ணாடி ஒன்றைச் சுவரோடு ஒட்டப் பிடித்து, கேமரா வழியே அதைப் பாருங்கள். கண்ணாடியின் நடுவில் உங்கள் லென்ஸே தெரிந்தால் நீங்கள் நேராக நிற்கிறீர்கள். திரையில் கட்டக்கோடுகளை இயக்கிக்கொள்வதும் உதவும்.

வெள்ளையும் கறுப்பும் கேமராவை ஏமாற்றும். சுண்ணாம்புத் தூணை எடுத்தால், 'அதிக வெளிச்சம்' என்று நினைத்து அது வெள்ளையைச் சாம்பலாக்கும், வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஹோட்டல் தோசைக்கல்லை எடுத்தால், இருட்டு என்று எண்ணிக் கறுப்பை வெளிறவைக்கும், குறையுங்கள். திரையில் கூர்மையாக வர வேண்டிய இடத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பிறகு வெளிச்சத்தை ஏற்றி இறக்கலாம்.

தோசைக்கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாவு ஊற்றும் முன் மாஸ்டர் தண்ணீர் தெளித்து ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு சுற்றுச் சுற்றுவார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஆவியாகிப் போக, துடைப்பத்தின் ஒவ்வொரு ஈர்க்கும் இழுத்த கோடு எண்ணெய்ப் படலத்தில் வில்லாக நிற்கும். மூன்று விநாடி, அதிகம் போனால் நான்கு. அந்த வில்லுக்காக மூன்று காலைகள் அந்தக் கல்லுக்கு எதிரே நின்றேன். ஆவியில் லென்ஸ் மங்கும் என்பதால் ஒரு பருத்தித் துணி கையில் இருக்கட்டும்.

சட்டகத்துக்குள் எது வரக்கூடாது

அளவைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் வரக்கூடாது. ஓர் ஆணி, ஒரு ஸ்விட்ச், கதவுக் கொண்டி ஏதாவது ஓரத்தில் தெரிந்தால், பார்ப்பவரின் மனம் உடனே "ஓ, இது சுவர்" என்று தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடும். அளவு தெரியாதபோதுதான் தகரத்துத் துரு, வானத்திலிருந்து பார்த்த ஆற்றுப்படுகை ஆகிறது.

எழுத்து இன்னும் பெரிய தொல்லை. போஸ்டர் சுவரில் மைதாப் பசைக்காக மாடு இழுத்துக் கிழித்த இடம் அருமையாக இருக்கும். பத்து அடுக்குக் காகிதம் பத்து நிறத்தில் எட்டிப் பார்க்கும். அதில் ஒரு முழுச் சொல் கண்ணில் பட்டுவிட்டால், தமிழ் தெரிந்தவர் படத்தைப் பார்க்க மாட்டார், வாசிப்பார். எழுத்தின் கால், கொம்பு, சுழி மட்டும் வரும்படி வெட்டுங்கள். கையால் எழுதிய விளம்பரப் பலகையாக இருந்தால் அது ஒரு ஓவியரின் உழைப்பு. துண்டாக எடுத்தாலும் அவர் கைதான் அது. அவரைக் கண்டுபிடித்துக் கேட்டு, நூலில் பெயர் போடுவது முறை.

படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நான் திருப்புவதில்லை. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். திருப்பினால் குழியெல்லாம் மேடாகத் தெரியும். தேய்மானத்தைக் காட்ட எடுத்த படத்தில் தேய்ந்த இடம் புடைத்து நின்றால், நூல் சொல்ல வந்தது குழம்பிப்போகும்.

தரையில் பரப்புங்கள்

எட்டு மாதத்தில் அறுநூறு படங்களுக்குப் பக்கமாகச் சேர்ந்தன. முதல் வடிகட்டலில் தொண்ணூறு நின்றன. இந்தக் கட்டத்தில் திரையை மூடிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய், எல்லாவற்றையும் 4 × 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். தொண்ணூறு பிரிண்டுக்கு ஆகும் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். பின்னால் அச்சில் வீணாகும் காசை இது மிச்சப்படுத்தும். திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். தரையில் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் தரையிலேயே கிடக்கட்டும். அறையைக் கடக்கும்போதெல்லாம் கண் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். எதைத் தாண்டிப் போகிறீர்களோ அதை எடுத்துவிடுங்கள். என் நூலில் கடைசியாக நின்றவை 29 படங்கள்.

ஜோடி சேர்ப்பது

திறந்த நூலில் இரண்டு பக்கம் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறது. இடதுபக்கப் படமும் வலதுபக்கப் படமும் பேசிக்கொள்கின்றன, நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

புதியவர்கள் எல்லோரும் செய்வது, நிறத்துக்கு நிறம் சேர்ப்பது. சிவப்புத் துருவுக்கு எதிரே சிவப்புச் சுவர். முதல் ஜோடி கண்ணைப் பறிக்கும், மூன்றாவது ஜோடியில் வாசகருக்குச் சூத்திரம் பிடிபட்டுவிடும். நான் பின்பற்றியது இது: ஒரே ஒரு ஒற்றுமை, மற்ற எல்லாம் வேற்றுமை. சுண்ணாம்புக் கோடுகளுக்கு எதிரே தோசைக்கல்லின் துடைப்ப வில்லை வைத்தேன். ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. ஒன்று மரம், மற்றது இரும்பு. ஒன்று வருடக்கணக்காக நிற்பது, மற்றது மூன்று விநாடியில் மறைவது. இரண்டுக்கும் பொதுவானது கையின் ஒரே ஓர் அசைவு, இழுத்துவிடுவது. இதை எங்கும் எழுதவில்லை. ஆனால் நூலைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தில் தம்மை அறியாமல் விரலைக் காற்றில் இழுத்துப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

பொருந்தாத ஜோடியைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைக் கையால் மூடுங்கள். மூடிய பிறகு மற்றது இன்னும் நன்றாகத் தெரிந்தால், அந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள். சில படங்களுக்கு ஜோடியே கிடைக்காது. அவற்றுக்கு எதிரே வெற்றுப் பக்கம் விடுங்கள். வெள்ளைத் தாளும் ஒரு பரப்புதான்.

எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு

இதுதான் எனக்கு மிகுந்த உழைப்பு வாங்கிய இடம்.

முழுக்க முழுக்க அரூபப் படங்களே உள்ள நூல், பத்துப் பக்கம் தாண்டியதும் களைப்பூட்டும். கண்ணுக்குப் பிடிமானம் வேண்டும். அதனால் ஆறேழு படங்களுக்கு ஒன்றாக, இடத்தையோ மனிதரையோ தெளிவாகக் காட்டும் படம் ஒன்று வேண்டும். என் 29இல் ஐந்து படங்கள் அப்படிப்பட்டவை: விடியற்காலைத் தெரு, ஷட்டரைத் தூக்கும் முதுகு, தோசை மாஸ்டரின் முன்கை, மூடிய கடையின் பூட்டு, வெற்றிலைக்கடை.

அவற்றை எங்கே வைப்பது? முதல் மாதிரியில் நான் இயல்பாகத் தோன்றியதைச் செய்தேன். வெற்றிலைக்கடை படத்தை முதலில் வைத்து, அடுத்த பக்கங்களில் தூணின் நெருக்கப் படங்களை வைத்தேன். அறிமுகம் செய்துவிட்டு நெருங்குவது நியாயமாகத்தான் பட்டது. பார்த்தவர்கள் தூண் பக்கங்களை வேகமாகப் புரட்டினார்கள். அவர்களுக்கு அது என்னவென்று முன்பே தெரிந்துவிட்டதால், கறை படிந்த தூணாக மட்டும் தெரிந்தது. மழை பெய்யவே இல்லை.

வரிசையை மாற்றினேன். 14, 15ஆம் பக்கங்களில், இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கோடுகள். 16இல் இன்னும் நெருக்கமாக அதே கோடுகள், 17இல் துடைப்ப வில். 18 வெற்றுப் பக்கம். 19இல் வெற்றிலைக்கடை, தூணோரம் ஒருவர் நிற்கிறார், அவர் விரல் தூணில் இருக்கிறது. இப்போது எல்லோரும் 19இல் நின்றார்கள். பிறகு, அநேகமாக எல்லோருமே, பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பி 14க்குப் போனார்கள். நூலில் பின்னோக்கிப் புரட்ட முடியும் என்பதே, சுவரில் மாட்டும் படத்துக்கு இல்லாத வசதி. அதைப் பயன்படுத்துங்கள். அடையாளம் பிந்தி வரட்டும்.

எல்லாப் படத்துக்கும் இப்படி விடை சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தொகுப்புக்குப் பின்னும் விளக்கப்படம் வந்தால் அது விடுகதைப் புத்தகமாகிவிடும். என் நூலில் இரண்டு இடத்தில் மட்டும் விடை இருக்கிறது. அரைவட்டக் கீறல்கள் ஆறு பக்கம் வருகின்றன. பூட்டு என்று கடைசியில்தான் தெரியும். மற்றவை புதிராகவே நிற்கின்றன.

டம்மி

அச்சகத்தில் மாதிரி நூலை டம்மி என்பார்கள். 12 ஏ4 தாள்களை நடுவே மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 48 பக்கம். பிரிண்டுகளைச் சிறிதாக வெட்டிப் பசையால் ஒட்டுங்கள். அழுத்தமாக ஒட்டாதீர்கள், நிச்சயம் பிய்த்து மாற்றுவீர்கள். இந்தத் துறையில் இல்லாத மூன்று பேரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் அவர்கள் கையை மட்டும் பாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே வேகமெடுக்கிறது, எங்கே திரும்பி வருகிறது? கருத்து கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். கை பொய் சொல்லாது.

அளவும் தாளும் கட்டும்

பக்கத்தின் எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும். தையல் கட்டுக்கு 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. 48 என்றால் மூன்று ஃபாரம். பத்து, இருபது பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சு. சில நூறு பிரதிகள் போனால்தான், தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட் அச்சு கட்டுபடியாகும்.

படம் தாளின் விளிம்புவரை ஓட வேண்டுமானால், வெட்டுக்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். விளிம்புவரை ஓடும் படத்தில் தாளே சுவராகிவிடும். வெள்ளை ஓரம் விட்டால் அது சுவரின் படமாக இருக்கும். முதல் வகையை அளவாகப் பயன்படுத்துங்கள். முகமும் உடலும் உள்ள படத்தை இரு பக்கத்துக்கு நீட்டினால் நடுமடிப்பு மூக்கை விழுங்கிவிடும். பரப்புகளுக்கு மையம் என்று ஒன்று இல்லாததால் மடிப்பைத் தாண்டி அவை தாராளமாக ஓடும். ஆனாலும் பசைக் கட்டில் மடிப்போரம் ஒரு சென்டிமீட்டர்வரை மறைந்துவிடும். முழுதாகத் திறந்து படுக்க வேண்டுமென்றால் தையல் கட்டைக் கேளுங்கள். கல்யாண ஆல்பம் செய்பவர்களின் 'கரிஷ்மா' வகை ஆல்பமும் தட்டையாகத் திறக்கும். ஒரே ஒரு பிரதி போதும் என்பவர்களுக்கு அது நல்ல வழி. பூவேலை, சட்டம், நிழல் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாளில் என் விருப்பம் 170 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) மேட் ஆர்ட், அதாவது பளபளப்பில்லாத பூச்சுத் தாள். பளபளப்புத் தாளில் விளக்கு வெளிச்சம் மின்னி, சுவரின் சொரசொரப்பு கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறது. பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சும். சுண்ணாம்புப் படங்கள் அதில் மிக மென்மையாக விழுந்தன, தோசைக்கல்லின் கறுப்போ வெளிறிச் சாம்பலானது. அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன்.

திரை தானே ஒளிர்வது. தாள் பிறர் ஒளியில் தெரிவது. எனக்கு வந்த முதல் புரூஃபில், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்க அடித்துத் தரும் தாளில், தோசைக்கல் பக்கம் முழுவதும் ஒரே இருட்டாக, வில்லே காணாமல் போயிருந்தது. திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்துத் திருத்தியதுதான் காரணம். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, நிழல் பகுதிகளைச் சற்று உயர்த்தி மறுபடி கொடுத்தேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, மூன்று சோறு வேண்டும்: உங்கள் நூலிலேயே மிக இருண்ட படம், மிக வெளுத்த படம், மிக அடர்ந்த நிறமுள்ள படம். இந்த மூன்றையும், நூலுக்குப் பயன்படும் அதே தாளில், அதே இயந்திரத்தில் அடித்துத் தரச்சொல்லிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஷட்டரின் பளிச்சென்ற நீலம் அச்சில் கொஞ்சம் அடங்கித்தான் வரும்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது கோப்பைச் சுருக்கும்போது முதலில் பலியாவது நுண்ணிய சொரசொரப்புதான். உங்கள் நூலே அதைப் பற்றியது. பென் டிரைவில் பி.டி.எஃப். ஆகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

குறிப்புகள்

படத்துக்குக் கீழே 'காலத்தின் கண்ணீர்' போன்ற தலைப்பு வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஒரு சொல் இருந்தாலும் கண் முதலில் அங்கே போகும், பிறகுதான் படத்துக்கு வரும். கடைசி இரண்டு பக்கத்தில் தபால்தலை அளவில் எல்லாப் படங்களையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் பொருள், இடம், மாதம் மட்டும் எழுதுங்கள். "சுண்ணாம்பு, மரத்தூண், வெற்றிலைக்கடை, ஆனி." அவ்வளவு போதும். முன்னுரை அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் இடத்தின் பெயரும் உங்கள் கேள்வியும் இருக்கட்டும், விடை வேண்டாம்.

நூல் வந்ததும் முதல் பிரதிகள் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும். நான் வெற்றிலைக்கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எந்தக் குறிப்பும் இல்லாமலேயே சொல்லிக்கொண்டு வந்தார்: "இது எதிர்க்கடை ஷட்டர். இது டீக்கடை பெஞ்சு, இந்த முனையில்தான் எல்லோரும் உட்காருவார்கள். இது மளிகைக்கடைத் தராசு." 14ஆம் பக்கத்தில் நின்றார். ஒன்றும் சொல்லாமல் புரட்டினார். 19க்கு வந்ததும் தன் கடையைக் கண்டு சிரித்தார், பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. நூலைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு, பலகையை விட்டு இறங்கி வெளியே வந்து, தூணுக்கு முன்னால் போய் நின்றார்.